தோளுக்குள் ஒரு குடித்தனக்காரர்

அத்தியாயம் 11

ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்பட்ட இடத்தில் போன வாரம் கதையை விட்டிருந்தோம். உள்ளே படுத்திருந்தவர் பட்டாளத்தார். தெருவில் எல்லாருக்கும் அவர் அந்தப் பெயரில்தான் பழக்கம். அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூத்த மகள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தாதவள் என்று பெயர் எடுத்தவள்.

நாலைந்து நாளாக விடாத காய்ச்சலை, "சும்மா உடம்புச் சூடு" என்று சொல்லியே ஒப்பேற்றியிருந்தார் மனுஷன். இடது தோள் வீங்கி, சட்டைக்குள் கையை நுழைக்க முடியாமல் போன பிறகுதான் குட்டு உடைந்தது.

அந்தத் தோளுக்குள் ஓர் இரும்புத் துண்டு இருந்தது. சண்டையில் வாங்கியது. மற்ற பட்டாளத்துக்காரர்கள் வீட்டு ஷோகேஸில் மெடல் இருக்கும், நசுங்கிய தண்ணீர்க் குடுவை இருக்கும். இவர் போரிலிருந்து கொண்டுவந்தது இது ஒன்றுதான். பெரிய ரத்தக் குழாயை ஒட்டி இருக்கிறது, கிளற வேண்டாம் என்று அந்தக் காலத்து ராணுவ டாக்டர்கள் தைத்து அனுப்பிவிட்டார்கள்.

"வாடகை குடுக்காத குடித்தனக்காரர்" என்று அவரே அதற்குப் பெயர் வைத்திருந்தார். சின்ன வயதில் பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் இடது தோளில் விரலால் அழுத்தி, "தூங்குறாராப்பா?" என்று கேட்பார்கள். "மெதுவா. எழுப்பிவிட்டா டீ கேட்பார்" என்பார்.

இப்போது அந்தக் குடித்தனக்காரர் வீட்டையே இடிக்கத் தொடங்கியிருந்தார்.

"உள்ளே சீழ் கட்டியிருக்கு. ரத்தத்துலயும் கலந்தாச்சு" என்றாள் சர்ஜன். வயதில் சின்னவள்தான். ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. "இன்னைக்கே திறந்து அந்தத் துண்டை எடுத்தாகணும். நாளைக்குப் பார்க்கலாம்னா நான் எதுக்கும் பொறுப்பு சொல்ல முடியாது."

"மருந்து ஏத்துங்க. எத்தனை ஊசி வேணும்னாலும் போடுங்க" என்றார் பட்டாளத்தார். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. "அதை மட்டும் தொடாதீங்க."

"ஐயா, அதை எடுக்காம மருந்து வேலை செய்யாது."

"அப்போ வேலை செய்ய வேண்டாம்."

அவர் மனைவி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள். புடவை முந்தானையைக் கையில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மகன் சின்னவன், லிஃப்ட் மெக்கானிக், பாதி வேலையில் ஓடி வந்தவன், கிரீஸ் அப்பிய விரலோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பாவிடம் பேசி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் இல்லை.

எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு மகளை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, உனக்கு மட்டும் சொல்றேன். அம்மாகிட்ட சொல்லாதே."

"சொல்லுங்கப்பா."

"அது உள்ளே இருக்கிற வரைக்கும் எனக்கு அந்த நாள் முடியல. உங்க மாமா இன்னும் புகைக்குள்ள இருந்து வரலை, அவ்வளவுதான். எப்ப வேணா வருவான். எடுத்துட்டா முடிஞ்சுபோகும்."

மாமா என்று அவர் சொன்னது அவளுடைய அம்மாவின் அண்ணனை. அவளோ தம்பியோ பார்த்தே இராத மனிதர். அப்பாவும் அவரும் ஒரே படையில், ஒரே குழியில் இருந்தவர்கள். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது இரண்டு பேரும் குனிந்து ஓடினார்கள். அப்பா முன்னால், அவர் பின்னால். ஒரு சத்தம். அப்பா கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. சிநேகிதனைப் பற்றிக் கேட்டதற்கு, 'காணவில்லை' என்று எழுதி அனுப்பினார்கள். உடலும் கிடைக்கவில்லை, கைதிகள் திரும்பியபோது அவர்களிலும் அவர் இல்லை. அந்தச் சேதியோடு சிநேகிதன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போன இடத்தில்தான் அப்பா அம்மாவைப் பார்த்தார். துக்கம் கேட்கப் போய்க் கல்யாணத்தில் முடிந்த குடும்பம் அது.

"நான் மயங்கிட்டா உன்கிட்டதான் பேப்பரை நீட்டுவாங்க" என்றார் அப்பா. "கையெழுத்துப் போடாதே. சரியா?"

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அவர் மயங்கியது மதியத்துக்கு முன்பே. பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றுபோனார். நர்ஸ் ஓடி வந்து பிரஷர் பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள், பிறகு சர்ஜனைக் கூப்பிட்டாள். பேப்பர் வந்தது. சொன்ன மாதிரியே அவளிடம்தான் நீட்டினார்கள்.

"வேண்டாம்னுதானே அப்பா சொன்னார், அக்கா" என்றான் சின்னவன். "அவர் இஷ்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம்?"

அம்மா முந்தானையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். "எங்க அண்ணனை அந்தச் சண்டைக்குத் தூக்கிக் குடுத்தாச்சு. இவரையும் அதே சண்டைக்கா எழுதிக் குடுக்கணும்? போடுடி."

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் கற்றுக்கொள்கிறவர் கையில்தான் இருக்கும். ஆனாலும் மோதப் போகிற நேரத்தில் அவர் மனசு நோகுமே என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள், நானே நிறுத்தியிருப்பேன் என்று. திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருந்தால் போதும் என்பது அவள் கணக்கு.

கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ட்ரெச்சர் போன பிறகு மூவரும் நாற்காலி வரிசையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சின்னவனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிட்டதாம். "படியில ஏறச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அணைத்துப் பையில் போட்டான்.

"பிழைச்சு எழுந்தா என்கூடப் பேச மாட்டார்" என்றாள் மகள்.

"எழுந்திருக்கட்டும். பேசாம இருக்கட்டும்" என்றாள் அம்மா. "நான் பேசிக்கிறேன்."

கதவு திறந்தபோது சர்ஜன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தாள். மூன்று பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"உயிரோட இருக்கார். இன்னைக்கும் நாளைக்கும் தாண்டணும். இதயம் ரொம்பத் தளர்ந்திருக்கு, அதிர்ச்சி தர்ற மாதிரி எதுவும் காதுல விழக் கூடாது." மூச்சு விட்டுக்கொண்டாள். "இன்னொரு விஷயம். ஐயாவுக்குப் பல் எல்லாம் சொந்தப் பல்தானே?"

என்ன கேள்வி இது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"எல்லாம் இருக்கு. இந்த வயசுலயும் எலும்பைக் கடிப்பார்" என்றான் சின்னவன்.

சர்ஜன் கோட்டுப் பையிலிருந்து மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தாள். "எக்ஸ்ரேயில வெள்ளையாத் தெரிஞ்சதால நாங்களும் இரும்புன்னே நினைச்சோம். சுத்தம் பண்ணிப் பார்த்தா இது."

பாட்டிலுக்குள் இருந்தது ஒரு பல். முன்பல். வேர் பாதி கரைந்திருந்தது. மேலே வெள்ளி நிறத்தில் உலோகக் கவசம் போட்டிருந்தது.

மகளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அம்மா பாட்டிலை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பினாள். கவசத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு. நகத்தால் கீறியது போல. அதைப் பார்த்ததும் அப்படியே சறுக்கினாற்போலத் தரையில் உட்கார்ந்தாள்.

"சோடா மூடி" என்றாள். "எனக்கு சைக்கிள் கத்துக்குடுக்கும்போது ஹேண்ட்பார்ல இடிச்சு உடைச்சுக்கிட்டான். முதல் சம்பளத்துல போய்க் கேப் போட்டான். 'ஸ்டீல்டி, எதையும் கடிக்கும்'னு காட்டுறதுக்கு சோடா மூடியைக் கடிச்சுத் திறந்தான். எங்க அம்மா அன்னைக்கு அடிச்ச அடி." சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. "எங்க அண்ணன்டி. எங்க அண்ணன்."

சர்ஜனும் அவளோடு தரையில் குந்தினாள். "குண்டு வெடிக்கும்போது பக்கத்துல இருக்கிறவங்களோட எலும்பு, பல்லு..." என்று தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சீழை லேபுக்கு அனுப்பிட்டேன். எங்களுக்கு அது போதும். இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

இத்தனை வருஷம் அப்பா துணிக்கு மேலேயே தடவிக்கொண்டிருந்தது எதை என்று மகள் நினைத்துப் பார்த்தாள். அவருக்கே தெரியாமல், மழை நாளில் வலிக்கும்போதெல்லாம் அவர் உள்ளங்கையால் பொத்திக்கொண்டது சிநேகிதனை.

"இதை அத்தைகிட்ட சொல்ல வேண்டாம்" என்றான் சின்னவன் திடீரென்று.

அத்தை என்றால் மாமாவின் மனைவி. கல்யாணம் ஆன வருஷமே கணவனைச் சண்டைக்கு அனுப்பியவள். கடைத்தெருவில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். இன்றுவரை, 'காணோம்' என்றுதான் சொல்வாள். 'போயிட்டார்' என்று அவள் வாயில் வந்ததில்லை. மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து அப்பாவின் எதிரே உட்காருவாள். "அண்ணே, அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்பாள். அப்பாவும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

"அவங்க அந்த ஒரு நம்பிக்கையிலதான் நடமாடுறாங்க" என்றான் அவன். "எதுக்குப் பிடுங்கணும்? மூடி வச்சிரலாம்."

"எனக்கு அண்ணன்னா அவளுக்குப் புருஷன்" என்றாள் அம்மா தரையிலிருந்தே. "அவ பொருளை நான் எப்படிடா மறைச்சு வைக்கிறது?" பிறகு மகளிடம், "போய்க் கூட்டிட்டு வா."

டிரைவிங் ஸ்கூலில் சொல்லி வரவழைத்த காரில்தான் போனாள். கூரையில் போர்டும் பின்னால் சிவப்பு எழுத்துமாக அது ஊர்ந்தால், மற்ற வண்டிகள் பயந்து ஒதுங்கும். இன்றைக்கு அவள் ஓட்டிய ஓட்டுக்கு ஒதுங்கியதில் நியாயம் இருந்தது.

அத்தை ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

"அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்ல அத்தை. ஆபரேஷன் முடிஞ்சுது."

"அவருக்கு ஏதாவதுன்னா அப்புறம் எனக்குச் சொல்ல ஆளே இல்ல, தெரியுமா? கடைசியாப் பார்த்த கண்ணு அது." பேன்ட்டை மடித்து வைத்தாள். "இரு, பூட்டிட்டு வரேன்."

கடையிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் மகள் வந்தாள். முடியவில்லை. காரில் ஏறின பிறகு சொல்லலாம் என்றால் அதுவும் முடியவில்லை. இரண்டு தெரு தாண்டியதும் அத்தையே ஆரம்பித்தாள்.

"எடுத்துட்டாங்களா அதை?"

"எடுத்துட்டாங்க."

"அப்புறம் ஏன் வண்டி இப்படி அலையுது? நீ ஊருக்கே ஓட்டச் சொல்லிக்குடுக்கிறவ."

அவள் வண்டியை ஓரம் கட்டினாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"அது இரும்பு இல்ல அத்தை."

"பின்னே?"

"பல்லு. ஸ்டீல் கேப் போட்டது. அம்மா பார்த்தாங்க. ஓரத்துல ஒரு வெட்டு இருக்கு."

அத்தை முன்கண்ணாடி வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒருவர் பெயின்ட் டப்பா தூக்கிக்கொண்டு போனார். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு போனாள். அவர்கள் போய் மறையும் வரை அத்தையின் பார்வை பின்னாலேயே போனது.

"வண்டியை எடு" என்றாள் கடைசியில். "இங்க நிறுத்தக் கூடாது."

ஆஸ்பத்திரியில் அம்மா பாட்டிலை நீட்டியபோது அத்தை கையை நீட்டவில்லை. அது அம்மாவின் கையில் இருந்தபடியே குனிந்து பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நிமிர்ந்துவிட்டாள்.

"அவரோடதுதான்" என்றாள்.

"அண்ணி..."

"அவரோடதுதான்னு சொன்னேன். அழாதே. பல்லுதானே?" நிதானமாகத்தான் பேசினாள். அந்த நிதானம்தான் பயமாக இருந்தது. "எனக்கே நாலு பல்லு போயிடுச்சு. நான் நடமாடலையா? அடிபட்டிருக்கும். பல்லு போயிருக்கும். அதுக்காக மனுஷன் போயிடுவாரா?"

சின்னவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வராந்தாவின் கோடியில் சர்ஜன் வருவது தெரிந்தது. அத்தை நேராக அவளிடம் போய் வழியை மறித்து நின்றாள்.

"டாக்டரம்மா, நான் அவர் சம்சாரம். இந்தப் பல்லுக்காரரோட சம்சாரம். பல்லு போனவர் பிழைச்சிருக்க முடியாதா? நீங்களே சொல்லுங்க. படிச்சவங்க."

சர்ஜன் மகளைப் பார்த்தாள். இவள் என்ன ஜாடை காட்டுவது என்று தெரியாமல் நின்றாள். பொய் சொல்லுங்கள் என்று சொல்லவும் மனசில்லை, உண்மையைச் சொல்லுங்கள் என்று சொல்லவும் தெம்பில்லை.

"முடியாதுன்னு அடிச்சுச் சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லம்மா" என்றாள் சர்ஜன். "ஆனா அது எங்கே இருந்ததுன்னு நான் பார்த்தேன். எலும்பைத் தாண்டி, எவ்வளவு ஆழத்துல..."

அத்தை உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினாள். வழியை விட்டு விலகிக்கொண்டாள். திரும்பி வந்து அம்மாவின் கையிலிருந்த பாட்டிலை எடுத்தாள். இரண்டு கையாலும் மூடினாள். மூடிய கையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் அப்பா கண் திறந்தார். ஒருவர் மட்டும் வரலாம் என்று நர்ஸ் சொன்னாள். பிறகு அந்த முகங்களைப் பார்த்துவிட்டு, "சரி, சத்தமில்லாம வாங்க" என்று மூன்று பெண்களையும் விட்டாள். சின்னவன் வெளியே நின்றுகொண்டான்.

அப்பாவின் வலது கை மெதுவாக நகர்ந்து இடது தோளுக்குப் போனது. துணிக்கட்டைத் தடவியது. தேடியது. கண்கள் மகளிடம் வந்து நின்றன.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்பா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தாள். திருப்பவில்லை. அதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. கண்ணோரத்தில் மட்டும் ஈரமாய் ஒரு கோடு இறங்கியது.

"எங்கே அது? குடு."

அம்மா முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டாள். அதிர்ச்சி கூடாது என்று சர்ஜன் சொன்னதை அத்தையிடமும் வாசலிலேயே சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். ஏதாவது ஒரு இரும்பை எங்கிருந்தாவது கொண்டுவந்திருக்கலாமே என்று மகளுக்கு அப்போதுதான் தோன்றியது.

அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். பாட்டிலை மூடிய கை மூடியபடியே இருந்தது.

"என்கிட்ட இருக்குண்ணே" என்றாள். "இத்தனை வருஷம் நீங்க பத்திரமா வச்சிருந்தீங்க. இனிமே நான் வச்சுக்கிறேன்."

அவர் அவளையே பார்த்தார். வாயை ஈரப்படுத்திக்கொண்டு கேட்டார், "துரு ஏறியிருக்காம்மா?"

"இல்லண்ணே" என்றாள் அத்தை. "பளபளன்னு இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூவரும் வெளியே வந்தார்கள்.

கதவு சாத்தின பிறகுதான் அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஓடிப்போய்த் தாங்கினாள்.

"உங்க அண்ணன் வரமாட்டார்" என்றாள் அத்தை. கேட்டுப் பழகாத வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பதுபோல இன்னொரு தடவை சொன்னாள். "இனிமே வரமாட்டார்." அதற்கப்புறம் அவள் அழுத அழுகையில் பக்கத்து வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இளவயதில் அழுதிருக்க வேண்டிய அழுகை, நரைத்த பிறகு வந்தது. சின்னவன் தண்ணீர் வாங்க ஓடினான்.

மகள் எதற்கோ திரும்பினாள். கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் அப்பா தூங்கவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அத்தையையும் அவளைத் தாங்கி நிற்கும் அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இரும்புத் துண்டுக்காக யாரும் இப்படி அழ மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

பார்வை மகளிடம் நகர்ந்தது. போர்வைக்கு மேலிருந்த வலது கையின் விரல் ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. வா என்றார்.

அவள் நர்ஸைத் தேடினாள். நர்ஸ் இல்லை. சர்ஜனைத் தேடினாள். வராந்தா நீளத்துக்கும் வெள்ளைக் கோட்டே இல்லை. உள்ளே விரல் மறுபடியும் மடங்கியது.

என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலே அவள் கதவைத் தள்ளினாள்.